எட்டரை அடியில் நாலு கே: தொலைக்காட்சியின் பிரிதிறன் பற்றி வீட்டில் செய்த ஓர் ஆய்வு

மாத்தளை நகரில் ஒரு மின்சாதனக் கடை. சுவர் முழுவதும் தொலைக்காட்சிகள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி: ஒரு கிளியின் இறகு, அதன் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. வாப்பாவும் நானும் 55 அங்குலப் பெட்டிகள் இரண்டின் முன்னால் மூன்றடி தூரத்தில் நின்றோம். “நானா, இது நாலு கே. பக்கத்தில இருக்கிறது சாதா ஃபுல் எச்டி. வித்தியாசத்த நீங்களே பாருங்க” என்றார் விற்பனையாளர். பார்த்தோம். வித்தியாசம் உண்மையாகவே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனெனில் இந்தக் கட்டுரை அவரைக் குறை சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல.

வாப்பா புதுப்பெட்டி வாங்க நினைத்ததற்குக் காரணம் எங்கள் உம்மம்மா. ஹஜ்ஜுக்குப் போகும் வயதும் உடல்பலமும் அவருக்கு இல்லை. வீட்டிலுள்ள 32 அங்குலத் தொலைக்காட்சியுடன் ஒரு சிறிய இணையப் பெட்டியை இணைத்த நாள் முதல், மக்காவின் நேரடி ஒளிபரப்பை அவர் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. மக்காவின் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதால், அங்கே மஃரிப் தொழும்போது இங்கே நாங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்திருப்போம். “ஆக்களெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது மகன்” என்று ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான். வாப்பா தவணைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இருபத்து நான்கு மாதம் கட்ட வேண்டும். உம்மாவோ, “இருக்கிற டீவி நல்லாத்தானே ஓடுது, இஸ்ராப் ஆகிடும்” என்றார். இருவருக்கும் இடையில் நான், “ஒரு கிழமை தாங்க வாப்பா, அளந்து பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் வீட்டில் இருந்தால் இதுதான் நடக்கும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தொலைக்காட்சித் திரை சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. அவற்றைப் பிக்சல் என்கிறோம். கிடையாக எத்தனை, நிலைக்குத்தாக எத்தனை என்ற எண்ணிக்கையே பிரிதிறன். எங்கள் பழைய பெட்டியில் 1366க்கு 768, அதாவது சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920க்கு 1080, ஏறத்தாழ 21 இலட்சம். நாலு கே என்பது 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 இலட்சம். எட்டு கே என்று ஒன்றும் வந்துவிட்டது. அதில் 7680க்கு 4320, மூன்று கோடி முப்பது இலட்சத்துக்கும் மேல். எண்கள் இப்படி நான்கு நான்கு மடங்காக ஏறும்போது, படமும் நான்கு மடங்கு நன்றாக இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. கண்ணிடம் யாரும் கேட்பதில்லை.

கண்ணிடம் முதலில் முறையாகக் கேட்டவர்களில் ஒருவர் நம் எல்லோருக்கும் தெரிந்த இப்னுல் ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்படவில்லை, பொருளிலிருந்தே ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவினார். இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். நான் இந்த ஆய்வுக்காகத் தேடியபோது தெரிந்துகொண்ட இன்னொரு விடயம், ஒரு பொருளைச் சரியாகக் காண்பதற்கு வேண்டிய நிபந்தனைகளையும் அவர் வகைப்படுத்தியிருக்கிறார் என்பதுதான். பொருளுக்குப் போதிய பருமன் இருக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், தூரம் அளவாக இருக்க வேண்டும், பார்க்கும் கண் நலமாக இருக்க வேண்டும் என்பன அவற்றில் சில. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு தொலைக்காட்சி வாங்கப் போகிறவருக்கும் இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் இவற்றில் ஒன்றுதான் இருக்கும்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஹோலில் சோபாவின் சாய்மானத்திலிருந்து திரை வரை அளவு நாடாவால் அளந்தேன். 2.6 மீற்றர், எட்டரை அடி. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய அளவு என்று நினைத்திருந்தேன். ஆனால் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய பேர்னாட் லெக்னர் என்ற பொறியியலாளர், அங்குள்ள வீடுகளில் மக்கள் சுமார் 9 அடி தூரத்தில் இருந்தே தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று கண்டிருக்கிறார். அந்தத் தூரத்துக்கு அவரது பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. வீடுகள் வேறு, மனிதர் உட்காரும் விதம் ஒன்றுதான் போலும்.

இனி கண். கண் வைத்தியரிடம் போனால் ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்து அட்டையைக் காட்டுவார்களே, அதை 1862இல் வடிவமைத்தவர் ஹேர்மன் ஸ்னெலன் என்ற ஒல்லாந்துக் கண் மருத்துவர். அதில் 6/6 என்ற வரியிலுள்ள எழுத்தின் ஒவ்வொரு கோடும் கண்ணில் ஒரு கலை கோணத்தை அமைக்கும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை. அதைவிடச் சிறிய கோணத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால், சாதாரணக் கண் அவற்றை ஒன்றாகவே காணும். கணக்கு எளிது: தூரத்தை 0.00029 ஆல் பெருக்கினால், அந்தத் தூரத்தில் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு வரும். எங்கள் 2.6 மீற்றருக்கு அது 0.75 மில்லிமீற்றர்.

இப்போது திரையை அளப்போம். 32 அங்குலத் திரையின் உயரம் 40 சென்ரிமீற்றர். அதை 768 ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.52 மில்லிமீற்றர். அதாவது எங்கள் பழைய பெட்டியின் புள்ளிகளே, சோபாவில் உட்கார்ந்திருக்கும் 6/6 கண்ணுக்குப் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியவை. இது வந்தபோது நான் கணக்கை இரண்டு தரம் திருப்பிப் போட்டேன். 55 அங்குலத் திரையின் உயரம் 68.5 சென்ரிமீற்றர். அதில் ஃபுல் எச்டி என்றால் ஒரு பிக்சல் 0.63, நாலு கே என்றால் 0.32, எட்டு கே என்றால் 0.16 மில்லிமீற்றர். மூன்றுமே 0.75க்குக் கீழே.

அப்படியானால் கடையில் நாங்கள் கண்ட வித்தியாசம்? அங்கே நின்றது மூன்றடியில். அந்தத் தூரத்தில் கண் 0.27 மில்லிமீற்றரைக்கூடப் பிரித்தறியும். ஃபுல் எச்டியின் 0.63 அங்கே நன்றாகவே தெரியும், நாலு கேயின் 0.32 தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். வித்தியாசம் பெட்டியில் இருந்தது உண்மை. ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அந்த மூன்றடியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

ஒரு கலை என்ற பழைய கணக்கோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. அண்மையில், 2025 ஒக்டோபரில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மலீஹா அஷ்ரப்பும் அவரது குழுவினரும் மெட்டா நிறுவன ஆய்வாளர்களுடன் சேர்ந்து ‘நேச்சர் கொமியூனிகேஷன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, 18 பேரின் கண்களைச் சோதித்து, கண்ணின் எல்லை எது என்று அளந்திருக்கிறார்கள். பழைய கணக்கின்படி ஒரு பாகைக்குள் 60 பிக்சல் போதும். இவர்கள் கண்டது கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு 94. கண் நாம் நினைத்ததைவிடக் கூர்மையானது! சிவப்பு பச்சைக்கு 89, மஞ்சள் ஊதாவுக்கோ 53 மட்டும். நிறத்தில் நம் கண் அவ்வளவு கெட்டிக்காரக் கண் அல்ல. தொலைக்காட்சிப் பொறியியலாளர்கள் இதை நெடுங்காலமாகவே அறிந்து, நிறத்தைக் கறுப்பு வெள்ளையைவிடக் குறைந்த நுணுக்கத்தோடு அனுப்பிவருகிறார்கள். நாமும் அதைக் கவனித்ததே இல்லை.

இந்தப் புதிய எண்ணை எங்கள் ஹோலுக்குப் போட்டுப் பார்த்தால் எல்லை 0.48 மில்லிமீற்றருக்கு இறங்குகிறது. அப்போது 55 அங்குல ஃபுல் எச்டியின் 0.63 கொஞ்சம் பெரிது. எனவே கூர்மையான கண் உள்ளவருக்கு நாலு கேயில் சிறிது பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு கேயில் எதுவும் இல்லை. 44 அங்குலத் திரையை 2.5 மீற்றரில் இருந்து பார்ப்பவருக்கு நாலு கேயோ எட்டு கேயோ மேலதிகமாக எதையும் தராது என்று அந்தக் குழுவினரே கூறியிருக்கிறார்கள்.

ஆய்வுகூடக் கண் வேறு, எங்கள் வீட்டுக் கண் வேறு அல்லவா? அதனால் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். பாடசாலைக் கணினி அறையில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீற்றர் கறுப்புக் கோடு, ஒரு மில்லிமீற்றர் இடைவெளி என்று கட்டம் முழுவதும் அச்சிட்டுக்கொண்டேன். அதைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரையும் பின்னால் பின்னால் நடக்கவைத்து, கோடுகள் கலந்து வெறும் சாம்பல் நிறமாகும் இடத்தில் சோக்கால் கோடு போட்டேன். 6/6 கண்ணுக்கு அது ஏறத்தாழ 3.4 மீற்றரில் நடக்க வேண்டும்.

எனக்கு 4.2 மீற்றர். மூக்குக்கண்ணாடி போட்ட ராத்தாவுக்கு 3.6. வாப்பாவுக்கு 3.3, உம்மாவுக்கு 3. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த உம்மம்மாவுக்கு 1.6. அதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். அடுத்தது பத்து வயதுத் தம்பி. விளையாட்டு என்று நினைத்து ஓடிவந்தவன், ஒன்றரை மீற்றரிலேயே “இப்ப சாம்பல்” என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து உம்மா அதட்டினார். தாளைக் குறுக்காகத் திருப்பி, கோடு நிற்கிறதா படுக்கிறதா என்று அவனுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றரை மீற்றருக்கு அப்பால் அவன் சொன்னதெல்லாம் ஊகம்தான்.

“டீவிக்குள்ளே போய் இருக்கப் போறியா? தள்ளி இரு, கண் கெடும்” என்று அவனை எத்தனை தடவை ஏசியிருப்போம்! உண்மையில் கிட்ட இருந்து பார்ப்பதால் கண் பழுதாவதில்லை, கண் களைக்கும், அவ்வளவே. ஆனால் ஒரு பிள்ளை திரும்பத் திரும்பத் திரைக்குக் கிட்டப் போகிறதென்றால், தூரப்பார்வை குறைந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. காரணத்தையும் விளைவையும் நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம். அடுத்த கிழமை கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். கரும்பலகையில் எழுதுவது வகுப்பில் எல்லோருக்கும் மங்கலாகத்தான் தெரியும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தானாம்.

கணக்குக்குத் திரும்புவோம். சோபாவில் இருந்து தம்பி கண்ணாடியில்லாமல் பிரித்தறியக்கூடியது 1.7 மில்லிமீற்றர். உம்மம்மாவும் ஏறத்தாழ அப்படித்தான். வாப்பா, உம்மா, ராத்தா மூவருக்கும் ஃபுல் எச்டியே மிஞ்சும். ஆறு பேரில் நாலு கேயால் ஏதாவது பயன் பெறக்கூடியவள் நான் ஒருத்தி. என் கணக்குப்படி அந்தப் பயன் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு. அதற்காக இருபத்து நான்கு மாதத் தவணையா?

இதுவரை சொன்னது திரையைப் பற்றி மட்டும். திரைக்கு என்ன வந்து சேர்கிறது என்பது இன்னொரு கதை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தக் கதைதான் பெரிது.

நம் நாட்டில் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை 1979 ஏப்ரலில் ஆரம்பமானது. யப்பானின் உதவியோடு ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து அதன் அலை நாடெங்கும் பரவியது. அன்று தெரிவுசெய்த முறைக்குப் பால் என்று பெயர். ஒரு படத்துக்கு 625 வரிகள், அவற்றில் திரையில் தெரிவது 576. நாற்பது வருடத்துக்குப் பிறகு, கூரையில் அன்டனா வைத்திருக்கும் வீட்டுக்கு இன்றும் வருவது அதே 576 வரிகள்தான். இலக்கமுறைக்கு மாறுவதற்கு யப்பானிய முறையைப் பின்பற்றுவதென 2014இல் முடிவானது, ஆனால் மாற்றம் இழுபட்டுக்கொண்டே போகிறது. யப்பானிலோ 2011 யூலையில் பெரும்பாலான மாகாணங்களில் பழைய அலை நிறுத்தப்பட்டுவிட்டது. 2018 டிசம்பர் 1இல் அங்கே எட்டு கே ஒளிபரப்பே தொடங்கிவிட்டது.

அந்த 576 வரிகளை 55 அங்குலத் திரையில் விரித்தால் என்ன ஆகும்? ஒரு வரி 1.19 மில்லிமீற்றர். எங்கள் ஹோலின் எல்லையான 0.75ஐ அது தாண்டிவிடுகிறது. படம் கரடுமுரடாகத் தெரியும். அதே 576 வரிகள் 32 அங்குலத்தில் 0.69 மில்லிமீற்றர், எல்லைக்குள் அடங்குகிறது. அதாவது எங்கள் பழைய பெட்டி, எங்கள் ஹோலுக்கும் எங்கள் அன்டனாவுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்திருக்கிறது. பெரிய நாலு கே பெட்டி வாங்கியிருந்தால் இரவுச் செய்தி முன்பைவிட மோசமாகத் தெரிந்திருக்கும். புதிய பெட்டி வாங்கிய பிறகு “முந்தின டீவிலதான் கிளியர்” என்று சொல்பவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது மனப்பிரமை அல்ல. இல்லாத புள்ளிகளை இப்போதைய பெட்டிகள் ஊகித்து நிரப்பப் பார்க்கின்றன, ஆனால் ஊகம் ஊகம்தான்.

மாத்தளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் இருப்பது பள்ளத்தாக்கில். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர், மேற்கிலும் குன்றுகள். றிவஸ்டனுக்குச் சுற்றுலா போனவர்கள் உச்சியில் நிற்கும் அலைபரப்புக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். மலைநாட்டில் இப்படிக் கோபுரங்கள் வேண்டியிருப்பது, தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதாலும் மலை அதை மறைப்பதாலும்தான். மறைப்பதோடு நில்லாமல் தெறிக்கவும் வைக்கும். நேராக வரும் அலையோடு, மலையில் பட்டுத் தெறித்த அலையும் அன்டனாவுக்கு வந்தால், திரையில் செய்தி வாசிப்பவரின் பக்கத்தில் அவரது மங்கலான நிழல் ஒன்றும் உட்கார்ந்திருக்கும்.

இதைக் கணக்கிடுவது சுவையானது. தெறித்த அலை மூன்று கிலோமீற்றர் சுற்றி வந்தது என்று வையுங்கள். ஒளியின் வேகத்தில் அது பத்து மைக்ரோசெக்கன் தாமதம். பால் முறையில் ஒரு வரியின் தெரியும் பகுதியை வரைய 52 மைக்ரோசெக்கன் எடுக்கும். எனவே நிழல், திரையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளித் தெரியும். 32 அங்குலத்தில் அது 14 சென்ரிமீற்றர், 55 அங்குலத்தில் 24 சென்ரிமீற்றர். பிரிதிறன் எவ்வளவு கூடினாலும் அந்த நிழல் போகாது, இன்னும் தெளிவான நிழலாக வேண்டுமானால் தெரியும். அன்டனாவின் திசையை ஓர் அரைச்சாண் திருப்பினால் போகலாம். எங்கள் வீட்டில் போனது. கூரையில் ஏறியவர் வாப்பா, கீழே நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ… போயிட்டு!” என்று கத்தியவர்கள் மற்ற ஐந்து பேரும்.

செய்மதி வழியாகவோ கம்பி வழியாகவோ கட்டணம் செலுத்திப் பார்ப்பவர்களுக்கு எச்டி அலைவரிசைகள் சில கிடைக்கின்றன. நாலு கே வேண்டுமானால் பெரும்பாலும் இணையம்தான் வழி. நெட்பிளிக்ஸ் நிறுவனம் நாலு கேக்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை செலவாகும் என்கிறது. எச்டியில் 3 ஜிபி வரை. தினமும் இரண்டு மணித்தியாலம் பார்த்தால் மாதத்துக்கு 420 ஜிபியா 180 ஜிபியா என்பதுதான் கேள்வி. டேட்டா முடிந்து மாதக் கடைசியில் வேகம் குறையும்போது நாலு கே பெட்டியில் தெரிவதும் கட்டம் கட்டமான படம்தான். மக்கா நேரடி ஒளிபரப்பு எங்கள் வீட்டில் அடிக்கடி 480 வரிக்கு இறங்கிவிடும். உம்மம்மாவின் எறும்புகளில் பாதி அங்கிருந்து வந்தவை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ராத்தா என்னை விடமாட்டார். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 39 மீற்றர் ஓடும். விநாடிக்கு 25 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து ஒன்றரை மீற்றர் தாண்டிவிடும். 50 படம் என்றால் முக்கால் மீற்றர். ஓடும் பந்தைக் காண உதவுவது படங்களின் எண்ணிக்கை, புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல. 1996 மார்ச் 17இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று நாம் உலகக் கிண்ணத்தை எடுத்ததை, ஒரு பெட்டியின் முன்னால் ஊரே கூடியிருந்து 576 வரியில்தான் பார்த்தார்கள். அரவிந்த டி சில்வாவின் சதம் அதில் ஒரு ஓட்டமும் குறைந்து தெரியவில்லை என்கிறார் வாப்பா.

நாலு கே எங்குமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. திரையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் இருந்து பார்ப்பதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. ஃபுல் எச்டிக்கு அந்த அளவு மூன்று மடங்கு. சிறிய அறையில் பெரிய திரையை வைத்து ஐந்தடியில் இருப்பவருக்கு அது பயன்படும். மேசையில் வைத்து எழுத்து வாசிக்கும் கணினித் திரைக்கு நிச்சயம் பயன்படும். அதோடு, இப்போது 50 அங்குலத்துக்கு மேற்பட்ட புதிய பெட்டிகளில் பெரும்பாலானவை நாலு கேயாகவே வருகின்றன. பெரிய பெட்டி தேவைப்படுபவர் அதை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை, அதற்கென்று மேலதிகப் பணம் கொடுக்கத்தான் தேவையில்லை. அந்தப் பணத்தைக் கருமை நன்றாகக் கருமையாகத் தெரியும் திரைக்கு, பகலில் கதவு திறந்திருக்கும்போதும் முகம் தெரியும் வெளிச்சத்துக்குக் கொடுக்கலாம். எட்டரை அடியிலிருந்தும் உம்மம்மாவின் கண்ணுக்குக்கூடத் தெரியக்கூடிய வித்தியாசம் அதுதான்.

உம்மம்மாவின் விடயம் இன்னும் முடியவில்லை. பார்வை குறைந்தவருக்குப் படம் பெரிதாக இருப்பது உதவும், இது உண்மை. வாப்பாவின் எண்ணத்தில் அந்தப் பாதி சரியாகவே இருந்தது. ஆனால் கண்ணுக்குப் பெரிது என்பது அங்குலத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. 32 அங்குலத் திரையைப் பாதித் தூரத்தில் வைத்துப் பார்த்தால், அது 64 அங்குலத் திரையை முழுத் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். அங்கே, 1.3 மீற்றரில், உம்மம்மாவின் கண் பிரித்தறியக்கூடியது 0.8 மில்லிமீற்றர். எங்கள் பெட்டியின் பிக்சல் 0.52. புள்ளி தெரியாது, படம் மட்டும் இரு மடங்காகும்.

அவருடைய பிரம்புக் கதிரையைத் தூக்கி நாலேகால் அடி முன்னால் வைத்தேன். அவர் மாத்திரம் முன்னால் இருப்பது மரியாதையில்லை என்று முதலில் மறுத்தார், பிறகு தம்பியைப் பக்கத்தில் பாயில் இருத்திக்கொண்டார். அன்றிரவு இணைய வேகத்துக்காக மற்றவர்களின் கைத்தொலைபேசிகளின் வைபையை நிறுத்திவைத்தோம். ஒளிபரப்பு 720 வரிக்கு ஏறியது. தவாபு செய்பவர்களில் ஒருவர் வயதான தாயைச் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை உம்மம்மா காட்டினார். அதை நாங்கள் யாரும் அதுவரை கவனிக்கவில்லை.

வாப்பா தவணைப் பத்திரத்தைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. “இந்த டீவி நின்றால் 43 எடுப்பம். அதுக்கு எவ்வளவு தூரம் என்று நீயே கணக்குப் போட்டு வை” என்றார். போட்டு வைத்திருக்கிறேன்: ஃபுல் எச்டியே போதும், கதிரையை 1.7 மீற்றருக்குக் கிட்டக் கொண்டுபோகாத வரை.